இரண்டு பில் இருந்தால் இரண்டு விலை: கடைக் கணக்கும் சமன்பாடும்

ரங்கூன் டீக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்ததும் தின்பண்டத் தட்டு தானாக மேசைக்கு வந்துவிடும், எடுத்துச் சாப்பிட்டதை மட்டும் கடைசியில் எண்ணிக் காசு வாங்குவார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் பையன் வந்து மேசையை ஒரு பார்வை பார்த்து மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவான், எது என்ன விலை என்று பிரித்துச் சொல்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் எதிர்வீட்டு அக்காவும் அவர் மகளும் அங்கே உட்கார்ந்திருந்தோம். மூன்று டீ, இரண்டு பலாட்டா (பரோட்டாவுக்கு இங்குள்ள பெயர்). 5,200 கியாட் என்றான். பக்கத்து மேசையில் மூன்று டீ, நான்கு பலாட்டா. அவர்களிடம் 6,800 என்றான்.

அந்தப் பெண் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறவள். முந்தின நாள் ராத்திரிதான் இரண்டு மாறி, அதாவது தெரியாத எண் இரண்டு வரும் சமன்பாடு ஒன்று வரவில்லை என்று நோட்டை மூடிவைத்துவிட்டு அழுதிருந்தாள். "ஒரு பலாட்டா எவ்வளவு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். பக்கத்து மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அவங்க ரெண்டு பலாட்டா கூடச் சாப்பிட்டாங்க, 1,600 கூடக் கொடுத்தாங்க. அப்ப ஒண்ணு 800 தானே அத்தை?" என்றாள். அப்புறம் அவளே, "ரெண்டு பலாட்டா 1,600ன்னா மிச்சம் 3,600 மூணு டீக்கு, ஒரு டீ 1,200" என்றும் சொல்லி முடித்தாள். பேனா எடுக்கவில்லை, காகிதம் எடுக்கவில்லை.

அவள் செய்தது நீக்கல் முறை. முந்தின ராத்திரி நோட்டில் வராமல் அழவைத்த அதே முறை. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்கைப் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழில் பேசுகிறார்கள், கடையில் இரண்டும் கலந்து வருகிறது. இந்த மூன்று இடத்திலும் இருப்பது ஒரே கணக்குதான் என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டவேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சமன்பாடு என்பது கடை பில்தான். பில்லில் எத்தனை என்பதும் மொத்தம் எவ்வளவு என்பதும் தெரியும், ஒன்றின் விலை மட்டும் தெரியாது. தெரியாத விலைக்கு ஒரு எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். ஒரு டீயின் விலை ட கியாட், ஒரு பலாட்டாவின் விலை ப கியாட். நம் மேசையின் பில்:

3ட + 2ப = 5,200

பக்கத்து மேசையின் பில்:

3ட + 4ப = 6,800

கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழித்தால் 3ட போய்விடும், 2ப = 1,600 மிஞ்சும். ஒரு மாறியை நீக்கிவிட்டோம், அதனால்தான் நீக்கல் முறை என்று பெயர்.

இங்கே ஒரு இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் தப்பு முளைப்பது பெரும்பாலும் இங்கேதான். ட என்பது டீ இல்லை. ஒரு டீயின் விலை, அதாவது ஒரு எண். 3ட என்றால் "மூன்று டீ" என்று வாசிக்கும் பிள்ளை டீக்கடைக் கணக்கில் எப்படியோ தப்பித்துவிடும், அடுத்த கணக்கில் மாட்டிக்கொள்ளும். அதனால் என்னிடம் வருகிறவர்கள் கணக்கைத் தொடங்கும் முன்னால் முதல் வரியாக "ட = ஒரு டீயின் விலை, கியாட்டில்" என்று முழு வாக்கியமாக எழுதியே ஆகவேண்டும். சலித்துக்கொள்வார்கள், எழுதச் சொல்வதை நான் விடுவதில்லை.

ஒரு பில் மட்டும் இருந்தால் போதாதா? போதாது. 3ட + 2ப = 5,200 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள்: டீ 1,000, பலாட்டா 1,100 என்று வைத்தாலும் சரியாக வரும்; டீ 1,200, பலாட்டா 800 என்றாலும் வரும்; டீ 1,400, பலாட்டா 500 என்றாலும் வரும். டீ 200 ஏறினால் பலாட்டா 300 இறங்கி அதே மொத்தத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. இந்த ஜோடிகளை ஒரு வரைபடத்தாளில் புள்ளியாக வைத்துப் பாருங்கள், எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் விழும். நேரிய சமன்பாடு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இரண்டாவது பில்லுக்கு இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடம் ஒன்றே ஒன்று, 1,200க்கும் 800க்கும் நேராக இருக்கும் அந்தப் புள்ளி. இரண்டு பில்லுக்கும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகிற விலை அது ஒன்றுதான்.

சரி, டீக்கடையில் இரண்டு மேசைக்கும் டீ ஒரே எண்ணிக்கையாக அமைந்துவிட்டது, கழித்தவுடன் போய்விட்டது. சந்தையில் அப்படி அமையாது.

தெயின்ஜி சந்தைப் பக்கம் காய்கறி வாங்கினால் வீசைக் கணக்கு. ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, அதை 100 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு டிக்கல். வீசையைப் பர்மியர் பெய்தா என்பார்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது "விஸ்" என்று போடுவார்கள், அந்த ஆங்கிலச் சொல்லே நம்முடைய வீசையிலிருந்து போனதுதான். தமிழ்நாட்டில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று இருந்த கணக்கு கிலோ வந்ததும் வழக்கொழிந்துபோயிற்று, அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் நாங்கள் வீசை என்று சொல்வதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். அந்த வீசையும் இந்த வீசையும் எடையில் ஒன்றில்லை, இங்குள்ளது கனம் கூட. எனக்கு இந்தச் சொல் மேல் தனிப் பிரியம் உண்டு.

முதல் வாரம் 2 வீசை வெங்காயமும் 3 வீசை உருளைக்கிழங்கும் வாங்கினோம், 17,000 கியாட். கோயிலில் அன்னதானம் வைத்த வாரம் 5 வீசை வெங்காயம், 2 வீசை உருளைக்கிழங்கு, 26,000. (எண்கள் கணக்குக்காக எடுத்தவை, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.) வ = ஒரு வீசை வெங்காயத்தின் விலை, உ = ஒரு வீசை உருளைக்கிழங்கின் விலை, இரண்டும் கியாட்டில்.

2வ + 3உ = 17,000
5வ + 2உ = 26,000

இப்படியே கழித்தால் ஒன்றும் போகாது. அதனால் மனசுக்குள் ஒரு வேலை செய்கிறோம்: முதல் வாரம் வாங்கியதை அப்படியே ஐந்து தடவை வாங்கியதாக வைத்துக்கொள்கிறோம், அன்னதான வாரத்தில் வாங்கியதை இரண்டு தடவை. ஐந்து தடவை வாங்கினால் வெங்காயமும் ஐந்து மடங்கு, கிழங்கும் ஐந்து மடங்கு, கொடுக்கிற காசும் ஐந்து மடங்கு.

10வ + 15உ = 85,000
10வ + 4உ = 52,000

இப்போது வெங்காயம் இரண்டிலும் 10 வீசை. கழித்தால் 11உ = 33,000, ஒரு வீசை கிழங்கு 3,000. இதை முதல் பில்லில் வைத்தால் 2வ + 9,000 = 17,000, ஆக வெங்காயம் 4,000. ஏன் முதலில் 5, பிறகு 2 என்று கேட்பார்கள். வெங்காயத்தின் முன்னால் இருக்கும் எண்கள் 2, 5. அதை இடம் மாற்றிப் பெருக்கினேன், இரண்டும் 10 ஆகிவிடும், அவ்வளவுதான். கிழங்கை நீக்க ஆசைப்பட்டால் முதலாவதை 2ஆலும் அடுத்ததை 3ஆலும் பெருக்குங்கள், விடை மாறாது.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தப்பு, இடது பக்கத்தை 5ஆல் பெருக்கிவிட்டு 17,000ஐ அப்படியே விட்டுவிடுவது. சரக்கை ஐந்து மடங்கு தூக்கிக்கொண்டு ஒரு மடங்குக்குக் காசு கொடுத்தால் கடைக்காரர் விடுவாரா என்று கேட்பேன், உடனே திருத்திக்கொள்வார்கள். விடை வந்ததும் அதை மற்ற பில்லில் வைத்துப் பார்ப்பதையும் விடக்கூடாது: 5 × 4,000 + 2 × 3,000 = 26,000. முதல் பில்லில் வைத்து வெங்காய விலையைக் கண்டுபிடித்துவிட்டு அதே முதல் பில்லிலேயே சரிபார்த்தால், நடுவில் கழித்ததில் தப்பு நேர்ந்திருந்தாலும் அது தெரியவராது. மற்ற பில்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பாடப்புத்தகம் சீக்கிரம் தாண்டிவிடும் ஒரு விஷயம் இருக்கிறது, கடைக்குப் போகிற நமக்கு அதுதான் ரொம்ப முக்கியம். இரண்டு பில்லையும் சேர்த்து வைக்கும்போது, இரண்டு நாளும் விலை ஒன்றுதான் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு தடவை இப்படி ஆயிற்று. ஒரு வாரம் 4 பியி அரிசியும் ஒரு வீசை எண்ணெயும் 25,000. (பியி என்பது இங்குள்ள அரிசி அளவு, 8 கெட்டிப்பால் டின் கொண்டது ஒரு பியி.) அடுத்த வாரம் 3 பியி அரிசி, ஒரு வீசை எண்ணெய், 26,000. உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன், ஒரு பியி அரிசி மைனஸ் 1,000 கியாட் என்று வந்தது. அரிசியை வாங்கிக்கொள்ளக் கடைக்காரர் நமக்கு ஆயிரம் கொடுப்பாரா? நான் கழித்ததில் தப்பில்லை. நடுவில் எண்ணெய் விலை ஏறியிருந்தது, அதே எழுத்தை இரண்டு வாரத்துக்கும் போட்டதுதான் தப்பு. முதல் வார எண்ணெய் ஒரு தெரியாத எண், அடுத்த வார எண்ணெய் வேறொரு தெரியாத எண், ஆக மொத்தம் மூன்று தெரியாத எண்ணை இரண்டு பில்லில் அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

மைனஸ் வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது ஒழுங்காகத் தெரிகிற தப்பு விடைக்குத்தான். அந்த இரண்டாவது வாரத்தில் 2 பியி அரிசியும் 2 வீசை எண்ணெயும் வாங்கி 32,000 ஆகியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது உண்மையில் அரிசி 4,000, எண்ணெய் 9,000இலிருந்து 12,000க்கு ஏறியிருந்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் அரிசி 3,000, எண்ணெய் 13,000 என்று வரும். இரண்டு பில்லிலும் வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். அப்படியும் அரிசி விலையும் தப்பு, எண்ணெய் விலையும் தப்பு. சரிபார்த்தல் என்பது கணக்கில் உள்ள தப்பைப் பிடிக்கும். நாம் எடுத்துக்கொண்ட அனுமானத்தில் உள்ள தப்பை அதனால் பிடிக்க முடியாது. அதனால் இரண்டு பில்லும் ஒரே நாள், ஒரே கடை, ஒரே ரகமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அளவும் அப்படித்தான், ஒன்றில் கிலோ மற்றதில் வீசை என்றால் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். 50 டிக்கல் என்று இருந்தால் அரை வீசை, 0.5 என்று எழுதவேண்டும், 50 என்று எழுதக்கூடாது.

பில் இரண்டு இருந்தும் விடை கிடைக்காத சமயமும் உண்டு. 2 வீசை வெங்காயம், 1 வீசை கிழங்கு 11,000. 4 வீசை வெங்காயம், 2 வீசை கிழங்கு 22,000. முதல் பில்லையே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள், புதிய சேதி ஒன்றும் இல்லை, கழித்தால் 0 = 0 என்று வந்து நிற்கும். அதே இரண்டாவது பில் 21,000 என்று இருந்தால் 0 = 1,000 என்ற மாதிரி ஒன்று வரும், இரண்டுக்கும் பொருந்துகிற விலையே கிடையாது. சந்தையில் இதற்கு அர்த்தம் உண்டு: நிறைய வாங்கியதற்குக் கடைக்காரர் குறைத்துக் கொடுத்திருக்கிறார்.

இனி விலை இல்லாமல் எண்ணிக்கையைத் தேடும் கணக்கு. இதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1987 செப்டம்பரில் அரசாங்கம் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தது, அதே மாதம் 45, 90 கியாட் என்று புது நோட்டுகள் வந்தன, இரண்டும் ஒன்பதின் மடங்கு. அந்த மாதம் கையில் இருந்த சேமிப்பை இழந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலும் உண்டு, பெரியவர்கள் இன்னும் அதைப் பேசும்போது குரல் மாறிவிடும். பாட்டியிடம் பிஸ்கட் டப்பா ஒன்றில் அந்த 45, 90 நோட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 நோட்டு, மதிப்பு 765 கியாட். எது எத்தனை?

த = 90 கியாட் நோட்டுகளின் எண்ணிக்கை. ந = 45 கியாட் நோட்டுகளின் எண்ணிக்கை. இங்கே தெரியாதது விலை இல்லை, எண்ணிக்கை. விலை நோட்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு சமன்பாடு நோட்டுகளை எண்ணுகிறது, அடுத்தது காசை எண்ணுகிறது:

த + ந = 12
90த + 45ந = 765

ட என்றால் டீ என்று வாசித்துப் பழகிய பிள்ளை இங்கேதான் தடுக்கி விழும், முதல் வரியின் வலது பக்கம் 765ஐப் போட்டுவிடும். இரண்டாவது வரி முழுவதையும் 45ஆல் வகுத்துவிடலாம், 2த + ந = 17. முதல் வரியிலிருந்து ந = 12 − த. அதை ந இருக்கும் இடத்தில் வைத்தால் 2த + 12 − த = 17, ஆக த = 5, ந = 7. இது பிரதியிடும் முறை. ஒரு எழுத்து தனியாக, முன்னால் எண் இல்லாமல் நிற்கும்போது இது நீக்கல் முறையைவிடச் சுலபம்.

எங்கள் பாட்டி எழுத்துப் போடாமலே இதைச் செய்வார். "பன்னிரண்டும் நாற்பத்தஞ்சுன்னு வை, 540 ஆச்சு. இன்னும் 225 குறையுது. ஒரு நோட்டைத் தொண்ணூறா மாத்தினா 45 கூடும். அஞ்சு நோட்டை மாத்து." யோசித்துப் பார்த்தால் 225ஐ 45ஆல் வகுப்பதும் நாம் மேலே செய்ததும் ஒன்றே. எழுத்துப் போட்டுச் செய்வதில் லாபம் என்னவென்றால், ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக ஒரு யுக்தி யோசிக்கவேண்டாம்.

இன்னொன்று. டப்பாவில் 800 கியாட் இருக்கிறது என்று யாராவது சொன்னால், சமன்பாடே எழுதாமல் எண்ணியதில் தப்பு என்று சொல்லிவிடலாம். 90உம் 45உம் 45இன் மடங்கு, எப்படிச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை 45இன் மடங்காகத்தான் வரும், 800 அப்படி இல்லை. விலைக்கு அரை, கால் வரலாம். நோட்டுக்கும் ஆளுக்கும் தேங்காய்க்கும் முழு எண்தான் வரவேண்டும், ஐந்தரை நோட்டு என்று வந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள்.

மூன்று பொருள் இருந்தால் மூன்று பில் வேண்டும். முதல் இரண்டிலிருந்து ஒரு எழுத்தை நீக்கி, பிறகு அடுத்த இரண்டிலிருந்து அதே எழுத்தை நீக்கினால் பழையபடி இரண்டு எழுத்து, இரண்டு சமன்பாடு. சீனர்கள் சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மூன்று ரகத் தானியக் கட்டுகளை வைத்து இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், எண்ணுவதற்குக் குச்சிகளை வரிசையாக அடுக்கி வைத்து.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு அழகான கணக்கு உண்டு, நான் பிள்ளைகளுக்குக் கடைசியாகத் தருவது அதுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் கன்னட தேசத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற கணித ஆசிரியர் தம் கணித சார சங்கிரகத்தில் எழுதியது. 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

9ந + 7வ = 107
7ந + 9வ = 101

ந, வ இங்கே பழ விலைகள், பழைய கணக்கின் எழுத்துகளை மறந்துவிடுங்கள். 9ஆலும் 7ஆலும் பெருக்கிச் செய்தால் விடை வரும், ஆனால் எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், 9உம் 7உம் இடம் மாறி நிற்கின்றன. இரண்டு பில்லையும் கூட்டினால் 16ந + 16வ = 208, ஆக ஒரு நார்த்தையும் ஒரு விளாம்பழமும் சேர்ந்து 13. கழித்தால் 2ந − 2வ = 6, நார்த்தை விளாம்பழத்தைவிட 3 கூட. கூட்டினால் 13, வித்தியாசம் 3 என்றால் 8உம் 5உம். இதைப் பலகையில் முதல் தடவை போட்டுக் காட்டியபோது அந்தப் பெண் "இன்னொண்ணு குடுங்க" என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

அவளுக்குக் கொடுத்ததை உங்களுக்கும் கொடுக்கிறேன். அனோரதா சாலைக் காளி கோயிலுக்குப் போகும் வழியில் ஒரே கடையில், ஒரே காலையில் இரண்டு வீட்டார் வாங்குகிறார்கள். ஒருவர் 5 தேங்காயும் 2 சீப்பு வாழைப்பழமும் 16,000 கியாட்டுக்கு, மற்றவர் 2 தேங்காயும் 5 சீப்பு வாழைப்பழமும் 19,000 கியாட்டுக்கு. எழுத்து எதைக் குறிக்கிறது என்று முழு வாக்கியமாக முதலில் எழுதுங்கள், பிறகு கூட்டுங்கள், பிறகு கழியுங்கள். தேங்காய் 2,000, சீப்பு 3,000 என்று வரவேண்டும். இரண்டும் இடம் மாறி வந்தால், எந்தப் பில்லிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்று பாருங்கள்.